சமமில்லாத டிஸ்குகள்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு சேமிப்பு வரலாறு

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றில் திசைமாறி எங்களுடைய கரையில் ஒதுங்கியது. அவர் 'பத்தாலா' என்று சொல்கிற ஊர் புத்தளம்தான். ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார், கறுவாக் கட்டைகள் கரையோரமாகக் குவிந்து கிடந்ததைக் கண்டார், பாவாத மலைக்குப் போய்வந்து மறுபடியும் இங்கிருந்தே கப்பலேறினார். புத்தளத்தில் மேடையேறிப் பேசுகிறவர்கள் இவ்வளவையும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இங்கிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் போனார், மதுரையில் காய்ச்சலில் விழுந்தார், கொல்லத்துக்குப் போனார். பிறகு இந்தியாவின் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர்கள் மறித்து, உடுத்திருந்த கால்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு விட்டார்கள். எங்கள் அரசர் கொடுத்த இரத்தினக் கற்களும் அதோடு போயின. ஆனால் எங்களுக்குக் கற்களைவிட மற்றதுதான் கவலை. ஏறத்தாழப் பத்து வருடத்துக்கு முன்னால் புகாராவில் அறிஞர்களுடைய கப்றுகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதி வைத்திருந்தாராம். அதுவும் அந்தக் கொள்ளையிலேதான் போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். மொரோக்கோவுக்குத் திரும்பிய பிறகு, அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதி, 1355இல் முடித்த நூலைத்தான் இன்றைக்கு நாங்கள் வாசிக்கிறோம்.

ஒரே பிரதி, ஒரே பொதி, ஒரே கப்பல். அதுதான் பிரச்சினை.

இந்தக் கட்டுரை ஹார்ட் டிஸ்குகளைப் பற்றியது. பதூதாவிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குப் பாய்வது கொஞ்சம் ஓவர் என்று நினைக்கிறவர்கள் தங்கள் வீட்டு அலுமாரி லாச்சியைத் திறந்து பாருங்கள். கற்பிட்டியிலிருந்து பாலாவி, புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் வரைக்கும் அந்த லாச்சிக்குள் கிடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். சவூதிக்கும் குவைத்துக்கும் போன ஆட்களோடு குரலைப் பதிந்து கடிதம் மாதிரி அனுப்பிய கசெட்டுகள், கல்யாண வீட்டு வீடியோ கசெட்டுகள், டெக் போய் சீடி வந்த காலத்துத் தட்டுகள், கமராவின் மெமரி கார்டு, உடைந்த லப்டொப்பிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க், பிறகு யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு டெராபைட், அதுக்கும் பிறகு சீட்டுப் பணத்தில் வாங்கிய இரண்டு டெராபைட். வென்னப்புவப் பக்கம் போனால் குவைத்துக்குப் பதிலாக இத்தாலி. மற்றதெல்லாம் அதேதான்.

இவை எல்லாவற்றையும் ஒரு பழைய கொம்பியூட்டரில் போட்டு, வீட்டுக்குள் வைஃபை வழியாக டீவியிலும் போனிலும் பார்க்கக் கூடியதாகச் செய்வதைத்தான் வீட்டு மீடியா சேர்வர் என்கிறார்கள். செய்வது பெரிய வேலை இல்லை. சிக்கல் வருவது, கையில் இருக்கிற டிஸ்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கும்போது அவற்றை எப்படி அடுக்குவது என்ற இடத்தில்தான். அந்த இடத்தில் நின்று யோசித்தபோதுதான் அந்தத் தொழில்நுட்பத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அந்த வரலாறு எங்களைப் போன்ற வீடுகளை மனதில் வைத்துத் தொடங்கவில்லை என்பது விளங்கியது.

1956இல் ஐபிஎம் கொம்பனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குல அகலமான 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு தொன் அளவில். கொள்ளளவு ஏறத்தாழ 5 எம்பி, அதாவது இன்றைக்கு போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோ. அங்கிருந்து முப்பது வருடத்தில் டிஸ்க் இரண்டு சாதியாகப் பிரிந்துவிட்டது. பெரிய கணினி நிலையங்களுக்கு அலுமாரி அளவான, விலை கூடிய டிஸ்குகள். வீட்டுக் கொம்பியூட்டர்களுக்குச் சின்ன, மலிவான டிஸ்குகள். 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி கற்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கலாம், ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி உபரியாகக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்பதே சாரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்ட். (எங்கள் ஊரில் ரெய்ட் என்றால் பொலிஸ் வருகிறதுதான். இது வேறு.) அந்தச் சொல்லின் நடுவில் இருந்த எழுத்துக்கு முதலில் 'மலிவான' என்று அர்த்தம். பிறகு டிஸ்க் விற்கிற கொம்பனிகள் அதைச் 'சுதந்திரமான' என்று மாற்றிவிட்டன. மலிவு என்று சொல்லி விலை கூட்டி விற்க முடியாதே.

உபரியாக எழுதுவது என்ற யோசனை அவர்களுக்கும் முந்தியது. ஐபிஎம்மில் வேலை செய்த நோர்மன் கென் ஓச்சி என்பவருக்கு 1978இலேயே அதற்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. அதன் உள் இரகசியத்தை விளங்கிக்கொள்ளக் கணிதம் தேவையில்லை. நாங்கள் கலைப்பீடத்துக்காரர், எங்களுக்கே விளங்கியது.

ஓர் ஒழுங்கையில் மூன்று வீடு இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு லைட். எரியும், அல்லது அணைந்திருக்கும். நாலாவது வீட்டுக்காரரிடம் ஒரு வேலை கொடுக்கிறோம்: ஒழுங்கையில் எரிகிற லைட்டுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வருகிற மாதிரி உங்கள் லைட்டைப் போடுங்கள் அல்லது நிப்பாட்டுங்கள். அவ்வளவுதான். இப்போது இரண்டாம் வீடு இடிந்து விழுந்துவிட்டது. அங்கே லைட் எரிந்ததா இல்லையா? மற்ற மூன்றையும் எண்ணுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் அங்கே எரிந்திருக்க வேண்டும். இரட்டைப்படையாக வந்தால் எரியவில்லை. டிஸ்கில் இருப்பதெல்லாம் கோடிக்கணக்கான இப்படியான லைட்டுகள். அந்த நாலாவது வீட்டைத்தான் பாரிட்டி என்கிறார்கள். எந்த ஒரு வீடு விழுந்தாலும் மற்றவற்றை வைத்துத் திரும்பக் கட்டலாம். இரண்டு விழுந்தால் முடியாது.

பேர்க்லிக்காரர்களின் கணக்கில் எல்லா வீடும் ஒரே அளவு. அது பிழை என்று சொல்ல வரவில்லை. ஒரு நிறுவனம் டிஸ்க் வாங்கும்போது கேள்விப்பத்திரம் கோரி, ஒரே மாதிரியான பத்தை ஒரே நாளில் வாங்கும். அங்கே சமன் என்பது இயல்பு. வீட்டில் அப்படியில்லை. காசு வருகிறபோதுதான் டிஸ்க் வரும், அந்த மாதம் கடையில் என்ன அளவு கிடைக்கிறதோ அதுதான் வரும். 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணீருக்குள் போனபோது உலகம் முழுக்க விலை ஏறியது. 2022இல் 200 ரூபா அளவில் கட்டிவைத்திருந்த டொலர் சில மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டபோது, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் நாலு புது டிஸ்க் வாங்குவது பற்றி யாரும் இங்கே கனவும் கண்டிருக்க மாட்டார்கள். கையில் ஓர் உதிரிக் கூட்டம். அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுப்போம். கையில் இருப்பது 4 டெராபைட் ஒன்று, 2 ஒன்று, 1 இரண்டு. மொத்தம் 8. இதைப் பழைய முறையில், ரெய்ட் ஐந்து என்கிற அடுக்கில் போட்டால் என்ன நடக்கும்? எல்லாம் சமனாக இருக்க வேண்டும் என்பதால் ஆகச் சின்ன டிஸ்கே அளவுகோல். நாலு டிஸ்கும் ஒவ்வொரு டெராபைட்டாக மட்டும் கணக்கெடுக்கப்படும். அதில் ஒன்று பாரிட்டிக்குப் போக, மிச்சம் 3. காசு கொடுத்து வாங்கிய 8இல் 4 டெராபைட் சும்மா கிடக்கும். 4 டெராபைட் டிஸ்கின் முக்கால்வாசி இடமும் அந்தச் சும்மா கிடப்பதற்குள் அடக்கம்.

இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2005க்குப் பிறகு வேறு விதமான யோசனைகள் வரத் தொடங்கின. அந்த வருடம் டொம் மோர்ட்டென்சன் என்பவர் அன்ரெய்ட் என்ற மென்பொருளை வெளியிட்டார். பெயரே சொல்கிறது, ரெய்ட் இல்லை என்று. அதில் ஒவ்வொரு டிஸ்கும் தனித்தனி வீடு. ஒரு படம் முழுதாக ஒரே டிஸ்கில் இருக்கும், துண்டு துண்டாக எல்லா டிஸ்கிலும் பரவாது. கூட்டத்தில் ஆகப் பெரிய டிஸ்கை மட்டும் பாரிட்டிக்கு ஒதுக்க வேண்டும். ஏன் ஆகப் பெரியது? ஒழுங்கைக்குத் திரும்பிப் போங்கள். ஒரு வீட்டில் நாலாயிரம் லைட், இன்னொன்றில் ஆயிரம்தான் என்றால், ஆயிரத்தோடு முடிகிற வீட்டின் மிச்ச லைட்டுகள் எல்லாம் அணைந்திருப்பதாக வைத்துக்கொண்டு எண்ணலாம். பிரச்சினை இல்லை. ஆனால் எண்ணி வைக்கிறவரிடம் நாலாயிரம் லைட்டுக்கும் பதில் லைட் இருக்க வேண்டும். சமமில்லாதவர்களைச் சேர்த்து வைப்பதற்குத் தேவைப்பட்டது இந்தச் சின்ன விஷயம்தான். இல்லாததை அணைந்ததாக எடு.

2007இல் இன்னும் இரண்டு வந்தன. மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஹோம் சேர்வரில் எந்த அளவு டிஸ்கையும் செருகலாம், முக்கியம் என்று குறித்த ஃபோல்டர்களை அது தானாகவே இரண்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் ஆரம்பத்தில் சில ஃபைல்களைக் கெடுக்கிற ஒரு பழுது அதில் இருந்தது, 2008இல்தான் திருத்தினார்கள். 2010 நவம்பரில் அந்த வசதியையே தூக்கிவிடப்போவதாக அறிவித்தார்கள், தூக்கியும் விட்டார்கள். மற்றது ட்ரோபோ என்ற பெட்டி. அதுவும் எந்த அளவையும் ஏற்கும், லைட் சிவப்பானால் டிஸ்கை மாற்று, பச்சையானால் சும்மா இரு என்ற அளவுக்கு இலகு. ஆனால் உள்ளே எழுதுகிற முறை அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். 2022இல் அதன் தாய்க் கொம்பனி வங்குரோத்துக்குப் போனது. பெட்டி பழுதாகிவிட்டால், நல்லாயிருக்கிற டிஸ்கைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் போட்டாலும் ஒன்றும் வாசிக்க முடியாது. டிஸ்க் உங்களுடையது, திறப்பு அவர்களுடையது.

வரலாறு படிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எழுத்து அழியாமல் இருந்தும் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போன கல்வெட்டுகள் எத்தனை. அதனால் எங்களுடைய முதல் நிபந்தனை இது: எந்த ஒரு டிஸ்கைக் கழற்றி எந்த ஒரு சாதாரணக் கொம்பியூட்டரில் செருகினாலும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். அந்தப் பெட்டி, அந்தக் கொம்பனி, அதைச் செய்த மச்சான், ஒருத்தரும் இல்லாவிட்டாலும் தெரிய வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை கரண்ட். இதை நாங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இலங்கையின் ஆகப் பெரிய நிலக்கரி மின்நிலையம், லக்விஜய, இருப்பது எங்கள் நுரைச்சோலையில். 2011இல் முதலாவது இயந்திரம், 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவோட். கற்பிட்டி வீதியில் போகிறவர்களுக்குப் புகைக்கூண்டு தூரத்திலேயே தெரியும். அப்படியிருந்தும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டியபோது எங்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது, நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோய், அதற்குப் பிறகும் நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலமளவில் வெட்டு இருந்தது. புகை எங்களுக்கு, வெளிச்சம் எல்லோருக்கும், இருட்டும் எல்லோருக்கும்.

இதுக்கும் டிஸ்குக்கும் என்ன சம்பந்தம்? ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரர் லைட்டை மாற்றுகிறார். எண்ணி வைக்கிறவர் அதைப் பார்த்துத் தன் லைட்டை மாற்றுவதற்கு இடையில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வரும்போது கணக்கு பிழை. அந்தப் பிழை அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு வீடு விழுந்து, கணக்கைப் பார்த்துத் திரும்பக் கட்டும்போதுதான் பிழையான வீடு எழும்பும். பழைய ரெய்ட் அடுக்குகளில் இருக்கிற இந்த ஓட்டை தொழில்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த ஒன்று. நிறுவனங்கள் இதற்கு மின்கலம் வைத்த கார்டு, பெரிய யூபிஎஸ், ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்ளும். சன் கொம்பனியிலிருந்து 2005இல் வெளியே வந்த இசட்எஃப்எஸ் என்ற முறை, பழையதன் மேலே எழுதாமல் புது இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடுவிப்பதன் மூலம் இந்த ஓட்டையை அடைத்தது. அருமையான வேலைதான். ஆனால் அங்கேயும் ஒரு தொகுதிக்குள் போடுகிற டிஸ்குகளில் ஆகச் சின்னதே அளவுகோல்.

எங்களுக்குப் பிடித்தது இன்னொரு வழி. 2011இல் அன்ட்ரியா மற்சொலேனி என்ற இத்தாலியர் வெளியிட்ட ஸ்னாப்ரெய்ட். அது இலவசம், மூலநிரலும் திறந்தது. பாரிட்டியை ஒவ்வொரு விநாடியும் எழுதிக்கொண்டிருக்காது. நீங்கள் சொல்லும்போது மட்டும், கிழமைக்கு ஒருக்காவோ புதிதாக ஏதும் சேர்த்த அன்றோ, ஒரு சுற்று எண்ணி எழுதி வைக்கும். கரண்ட் நிலையாக இருக்கிற நேரம் பார்த்து, லப்டொப் யூபிஎஸ்ஸில் இருக்கிற நேரம் பார்த்து எழுதலாம். நடுவில் சேர்த்ததற்கு அடுத்த சுற்று வரைக்கும் பாதுகாப்பில்லை என்பது குறை. ஒவ்வொரு நிமிடமும் மாறுகிற வங்கிக் கணக்குக்கு இது சரிவராது. 1996இல் நடந்த கல்யாணம் இனி மாறப்போவதில்லை, அதற்கு இது நன்றாகவே சரிவரும். இதில் டிஸ்குகள் எல்லாம் சாதாரண டிஸ்குகளாகவே இருக்கும், கழற்றி எங்கேயும் வாசிக்கலாம். இரண்டு டிஸ்க் ஒரேயடியாகப் பழுதானாலும் மற்ற டிஸ்குகளில் உள்ளது உள்ளபடி இருக்கும், பழைய ரெய்டைப் போல எல்லாம் சேர்ந்து போகாது. தனித்தனி டிஸ்குகளை டீவிக்கு ஒரே ஃபோல்டராகக் காட்டுவதற்கு மேர்ஜர்எஃப்எஸ் என்று வேறொரு இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சேர்வர் ரெடி.

கணக்குக்கு வருவோம். 4, 2, 1, 1. பெரியதைப் பாரிட்டிக்குக் கொடுத்தால் மிச்சம் 2, 1, 1. பாவிக்கக் கூடியது 4 டெராபைட். ரெய்ட் ஐந்தைவிட ஒன்று கூட. சந்தோஷம். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தப் பெரிய 4 டெராபைட்டைப் பாரிட்டியாக்காமல், மற்ற மூன்றிலும் உள்ளதை அப்படியே அதில் பிரதியெடுத்தால்? 2, 1, 1 கூட்டினால் 4. முழுதாக அடங்கும். பாவிக்கக் கூடியது அதே 4 டெராபைட்தான், ஒரு பைட்டும் குறையவில்லை.

அப்படியென்றால் எது நல்லது? எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல ரொம்ப யோசிக்கத் தேவையில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து படகில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேறியவர்களில் பெரும்பங்கினர் புத்தளம் மாவட்டத்திலேதான் முகாம்களில் தங்கினார்கள், அந்த முகாம்கள் பிறகு ஊர்களாகின. காசும் நகையும் வழியிலே பறிக்கப்பட்டன. இந்தச் சாட்சியங்களையெல்லாம் மக்கள் ஆணைக்குழு ஒன்று கேட்டுத் தொகுத்து 2011இல் அறிக்கையாக வெளியிட்டது. அறிக்கையில் காணி உறுதியைப் பற்றி, கடையைப் பற்றி, பள்ளிவாசலைப் பற்றிப் பேசலாம். அலுமாரியில் இருந்த கல்யாண அல்பத்துக்கு நட்டஈடு கேட்பது எப்படி? சோனகத்தெருவில் ஒரு வீட்டுக்குள் ஓர் அல்பத்தின் மூன்று பிரதி மூன்று அறையில் இருந்திருந்தாலும் மூன்றும் அங்கேயேதான் இருந்திருக்கும். கொழும்பில் இருந்த ராத்தாவுக்கோ ரியாத்தில் இருந்த காக்காவுக்கோ முன்னமே தபாலில் அனுப்பிய ஒரு படம் இருந்திருந்தால் அது மிஞ்சியிருக்கும். அதற்குப் பெயர் பாதுகாப்புத் திட்டம் இல்லை, பாசம்தான். ஆனால் வேலை செய்திருக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சில் வந்து வேறெங்கோ ஒரு பிரதி கிடந்தவற்றைப் பிறகு தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே ஏடாக இருந்தவை போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைப்பதையும், ஆவணகம் என்ற பக்கத்தில் ஒலி, ஒளி, படங்களைச் சேர்ப்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் பார்க்கிறோம்.

பாரிட்டி டிஸ்க் தனியே ஒன்றுமில்லாதது. அதைக் கழற்றி மன்னாருக்குக் கொண்டுபோனால், அது வெறும் கணக்குக் கொப்பி. மற்ற டிஸ்குகள் பக்கத்தில் இல்லாமல் ஒரு போட்டோவும் எழும்பாது. ஒரே ஒழுங்கையில், ஒரே வீட்டில், ஒரே பிளக்கில் எல்லோரும் சேர்ந்திருக்கும் வரைக்கும்தான் பாரிட்டி காப்பாற்றும். பிரதி அப்படியில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். 2009க்குப் பிறகு எங்களில் பல குடும்பங்களுக்கு இரண்டு வீடு. பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் புத்தளத்தில், காணியும் பழைய பள்ளிவாசலும் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ. இங்கேயும் முழுசாக இல்லை, அங்கேயும் முழுசாக இல்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிற நிலைமை. டிஸ்க் அடுக்குகிறவரின் கண்ணுக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிகிறது: இரண்டு ஊரில் இரண்டு வீடு இருந்தால், பிரதி வைக்க அதைவிட நல்ல இடம் ஏது?

அதனால் 4, 2, 1, 1 இருக்கிற வீட்டுக்கு எங்களுடைய அடுக்கு இது. 2, 1, 1 மூன்றும் சேர்வரில். 4 டெராபைட் பிரதி, மற்ற வீட்டில். போக்குவரத்தில் அதைக் கொண்டுவந்து புதிதாகச் சேர்ந்ததை எழுதித் திருப்பிக் கொண்டுபோவது. பிறகு காசு வந்து இன்னொரு 4 டெராபைட் வாங்கினால் கணக்கு மாறும். மொத்தம் 12. பாதியைப் பிரதிக்குக் கொடுத்தால் 6 டெராபைட் பாவிக்கலாம், பாரிட்டி என்றால் 8. அந்த இரண்டு டெராபைட் வித்தியாசத்துக்காகப் பாரிட்டிக்கு மாறச் சொல்லித்தான் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். சினிமாப் படங்களுக்கு நாங்களும் அதையே சொல்வோம், சொல்லப்போனால் படங்களுக்குப் பாரிட்டியும் தேவையில்லை. டிஸ்க் போனால் படத்தைத் திரும்ப எடுக்கலாம். 'படையப்பா'வை இழந்த குடும்பம் என்று ஒன்று இல்லை.

திரும்ப எடுக்க முடியாதது எவ்வளவு இருக்கும் என்று கூட்டிப் பார்த்தால்தான் ஆச்சரியம். ஒரு மணித்தியாலக் கசெட் ஒன்றை நல்ல தரத்தில், சுருக்காமல் கொம்பியூட்டருக்கு மாற்றினால் 600 எம்பி அளவில் வரும். இருபது கசெட் 12 ஜிபி. வீடியோ கசெட்டை டீவி தரத்தில் மாற்றினால் மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. மூன்று மணித்தியாலக் கசெட் ஐந்து என்றால் 195 ஜிபி. ஸ்கான் செய்த அல்பங்கள், போனில் எடுத்தவை எல்லாம் சேர்த்தாலும் கூடுதலான வீடுகளில் ஒரு டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். கூட்டத்தில் ஆகச் சின்ன டிஸ்கே போதும். பெரிய டிஸ்குகளை நிரப்பி வைத்திருப்பதெல்லாம் படமும் சீரியலும்தான். ஆகவே அளவைப் பார்த்து அடுக்கத் தொடங்காமல், எது திரும்பக் கிடைக்காது என்பதைப் பார்த்து அடுக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு டெராபைட்டுக்கு மூன்று பிரதி, இரண்டு ஊரில். மிச்சத்துக்கு இடமிருந்தால் இருக்கட்டும்.

அடுக்குவதைப் பற்றிப் பேசும்போது எங்கள் கற்பிட்டியார் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்கள், இடங்கள் பற்றி ஒரு விவரத் திரட்டு வெளியிட்டார். 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்று இருநூறு அளவிலான தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல். அதில் வள்ளுவருக்கும் ஒளவைக்கும் பக்கங்கள். வேறு சிலருக்கு ஓரிரு வரி. தெரிந்தது அவ்வளவுதான் என்றால் அவ்வளவை எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறார். எல்லோருக்கும் ஒரே அளவு என்று வெட்டியிருந்தால் அந்த ஓரிரு வரிக்காரர்கள் ஒருத்தரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள். அகரவரிசை மட்டும்தான் ஒழுங்கு. எங்கள் சேர்வரில் ஃபோல்டர்களுக்குப் பெயர் வைக்கிறபோதும் இதையே பின்பற்றலாம்: ஆண்டு, ஊர், யாருடைய நிகழ்வு. 'நியூ ஃபோல்டர் 7' என்ற பெயரில் ஒரு மௌத்தானவரின் குரல் கிடந்தால் அது கிடைத்தும் கிடைக்காத மாதிரி.

கடைசியாக ஒன்று, டிஸ்க் அளவைவிடச் சிக்கலானது. கல்யாண வீடியோக்களில் பாதி பெண்கள் பக்கத்தில் எடுத்தவை. எடுத்த காலத்தில் கசெட் ஒன்று, அது உம்மாவின் அலுமாரியில், திறப்பு உம்மாவின் இடுப்பில். யார் பார்ப்பது என்பதை அவர் தீர்மானித்தார். சேர்வரில் போட்டால் வீட்டுக்கு வருகிற மச்சான்மாரின் போனிலும் அது தெரியும். டிஸ்கைக் கழற்றி எந்தக் கொம்பியூட்டரிலும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று மேலே நாங்கள் போட்ட முதல் நிபந்தனை இந்த இடத்தில் எங்களுக்கே எதிராகத் திரும்புகிறது. மறைகுறியாக்கிப் பூட்டலாம், ஆனால் கடவுச்சொல் மறந்தால் ட்ரோபோக்காரர்களுக்கு நடந்ததுதான். எங்களுக்குள் பேசியதில் இப்போதைக்கு வந்திருக்கிற முடிவு: அந்த ஃபோல்டர்களை மட்டும் தனி டிஸ்கில், சேர்வரோடு இணைக்காமல், பூட்டி வைப்பது. கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண்ணிடம் கொடுப்பது. புத்தளத்தில் யாரிடம் என்பதில் எந்த வீட்டிலும் சண்டை வராது, உம்மாதான். மன்னாரில் மாமியா, மூத்த ராத்தாவா என்பதை அந்தந்தக் குடும்பம் பேசித் தீர்க்கட்டும்.